குறிப்பின் ஆயுள்

ஜாவாஸ்கிரிப்ட் கற்பவர்கள் தொடக்க நாள்களிலேயே கேட்டுவிடும் குறிப்பு ஒன்று உண்டு: பார்ஸ்இன்ட் ஃபங்ஷனை அழைக்கும்போது இரண்டாம் மதிப்பாகப் பத்தைக் கொடு. ஏன் என்று கேட்டால், நல்ல பழக்கம் என்பார்கள். உண்மையில் அதற்கு உறுதியான காரணம் ஒன்று இருந்தது. 1999-இல் வெளியான எக்மாஸ்கிரிப்ட் மூன்றாம் பதிப்பு, பூஜ்யத்தில் தொடங்கும் சரத்தை எட்டின் அடிமானத்தில் படிக்க உலாவிகளுக்கு இடம் விட்டிருந்தது. அந்த அடிமானத்தில் 8, 9 என்னும் இலக்கங்களே இல்லை. படிவத்தில் மாதத்தை "07" என்று நிரப்பினால் 7 கிடைக்கும். "08" என்றோ "09" என்றோ நிரப்பினால் 0 கிடைக்கும். ஜூலை வரை ஒழுங்காக ஓடிய படிவம் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பிழைபட்டு, அக்டோபரில் தானாகவே சரியாகிவிடும். 2009 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த இடத்தை அடைத்தது. காரணம் மறைந்த பிறகும் குறிப்பு நிலைத்திருக்கிறது.

இணைய நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும் எழுத்து இதுதான். நூல்களை எப்போதாவது திறக்கிறோம், ஆவணங்களை நெருக்கடியில் திறக்கிறோம். குறிப்பை மட்டுமே நாள்தோறும் எடுக்கிறோம், படியெடுக்கிறோம், இளையவருக்குக் கைமாற்றுகிறோம். இவ்வளவு புழக்கம் உள்ள ஓர் எழுத்து வகையைச் சுற்றி விமர்சன மரபு எதுவும் உருவாகவில்லை. "வேலை செய்கிறது" என்னும் ஒரே சான்றோடு அது ஏற்கப்படுகிறது. "இப்போது வேலை செய்யவில்லை" என்னும் ஒரே புகாரோடு கைவிடப்படுகிறது. இவை இரண்டுமே மதிப்பீடு ஆகா. குறிப்பு என்பது ஒரு சூழலைப் பற்றிய கூற்று. அந்தச் சூழல் மாறியே தீரும். ஆகவே தான் எந்தக் காரணத்தால் செல்லுபடியாகிறது என்பதையும், அந்தக் காரணம் எங்கே தீர்கிறது என்பதையும் குறிப்பு தன்னுள்ளேயே சொல்ல வேண்டும். இதுவே இக்கட்டுரையின் அளவுகோல். கடுமையான அளவுகோல்தான், ஆனால் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் நிறைவேற்றிவிடக் கூடியது.

பார்ஸ்இன்ட் குறிப்புக்கு இந்த அளவுகோலில் கிடைப்பது கலவையான தீர்ப்பு. பத்தைச் சேர்ப்பதால் கேடு எதுவும் இல்லை. ஈஎஸ்லின்ட் கருவியில் இதற்கென விதியே உண்டு. மேலும், வேறொரு காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறது. "1", "2", "3" என்னும் சரங்களின் பட்டியலை மேப் வழியாகப் பார்ஸ்இன்ட்டுக்கு நேரடியாகக் கொடுத்தால், மேப் தன் வரிசை எண்ணை இரண்டாம் மதிப்பாக அனுப்பிவிடும். முதலாவது 1 என்று சரியாக வரும். மற்ற இரண்டும் "எண் அல்ல" என்று திரும்பும். விதி அப்படியே இருக்க, அதன் காரணம் வேறாகிவிட்டது. பழைய காரணத்தைச் சொல்பவர் தவறாகக் கற்பிக்கிறார். காரணமே சொல்லாதவர் எதையும் கற்பிக்கவில்லை.

காலம் கடந்த குறிப்புகள் எல்லாம் இவ்வளவு சாதுவாக இருப்பதில்லை. ஜேகுவெரியைச் சொந்தச் சர்வரில் வைக்காதே, பொதுச் சர்வர் ஒன்றின் முகவரியிலிருந்து இணை என்று ஒரு தலைமுறைக்கே கற்பிக்கப்பட்டது. அதன் தர்க்கம் அன்று பழுதற்றது: பல தளங்கள் ஒரே முகவரியைச் சுட்டினால், ஒரு தளத்துக்காக இறங்கிய கோப்பு அடுத்த தளத்துக்கும் தயாராக இருக்கும். ஆனால் அதே பொதுச் சேமிப்பு, ஒருவர் எந்தத் தளங்களுக்குப் போய் வந்தார் என்று உளவு பார்க்கவும் வழிவிட்டது. எனவே உலாவிகள் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்தன. சஃபாரி முன்பே தொடங்கிவிட்டது. குரோம் 2020 அக்டோபரில் 86-ஆம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியில் 85-ஆம் பதிப்பிலும் பின்தொடர்ந்தன. அதன்பின் அந்தக் குறிப்பு வாக்களித்த வேகம் கிடைப்பதில்லை. பிறர் சர்வரை நம்பியிருக்கும் அபாயம் மட்டும் எஞ்சியது.

அந்த அபாயத்தின் அளவை 2024 காட்டியது. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை நிரப்பித் தரும் பாலிஃபில்.ஐஓ சேவையை ஒரே வரியில் இணைக்கலாம் என்பது இந்த வகையின் சிறந்த குறிப்புகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. கருதப்பட்டது நியாயமே: கேட்கும் உலாவிக்குத் தேவையானதை மட்டும் அனுப்பும் அதன் முறை நேர்த்தியானது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒழிந்தபோது அந்தத் தேவையும் பெரும்பாலும் ஒழிந்தது. வரியை நீக்கத்தான் யாரும் நினைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அந்த முகவரி வேறு கைக்கு விற்கப்பட்டது. சேவையை உருவாக்கியவரே அதை உடனே அகற்றும்படி எச்சரித்தார். ஜூனில், அந்த ஒரே வரியின் வழியே தீங்கு நிரல் 1,00,000-க்கும் மேற்பட்ட தளங்களுக்குள் போனது தெரியவந்தது. குறிப்பை எழுதியவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. "இந்தப் பழைய உலாவிகளை ஆதரிக்கும் வரை மட்டும்" என்று ஓர் எல்லையை அவர்கள் எழுதியிருந்தால், பல தளங்களில் அந்த வரி அதற்கு முன்பே போயிருக்கும்.

காலத்துக்கு எல்லை இருப்பதுபோல மொழிக்கும் எல்லை உண்டு. இதைத் தமிழில் எழுதும் நிரலாளர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு சரத்தைத் தலைகீழாக்க, வெற்றுச் சரத்தால் ஸ்பிளிட் செய்து, ரிவர்ஸ் செய்து, மறுபடி ஜாயின் செய் என்பது நேர்காணல்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் மாறாது வரும் குறிப்பு. ஆங்கிலத்துக்கு அது பழுதற்றது. "தமிழ்" என்னும் சொல்லில் அதைச் செலுத்திப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கில் அந்தச் சொல்லின் நீளம் மூன்று அல்ல, ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. தலைகீழாக்கினால் புள்ளி தாங்குவதற்கு எழுத்தின்றி முன்னால் வந்து நிற்கும். மகரத்துக்கு உரிய இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு "ழி" ஆகும். முதல் இருபது எழுத்துகளை வெட்டி, பின்னால் முப்புள்ளி சேர்க்கும் சுருக்கக் குறிப்புக்கும் இதே கதிதான்.

இதைத் திருத்தவந்த அடுத்த குறிப்பு இன்னும் கவனத்துக்குரியது. ஸ்பிளிட் வேண்டாம், ஸ்பிரெட் முறையைக் கையாள், எல்லா மொழிக்கும் சரியாகிவிடும் என்றார்கள். ஸ்பிரெட் முறை இமோஜிகள் பலவற்றைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை; யூனிகோட் குறியீட்டுப் புள்ளி ஒவ்வொன்றையும் உடைக்காமல் எடுப்பதால் அது நடக்கிறது. ஆனால் தமிழில் ஓர் உயிர்மெய் இரண்டு குறியீட்டுப் புள்ளிகளால் ஆகலாம். அங்கே இந்த முறை முந்தையதைவிட ஒரு படிகூட மேல் அல்ல. திருத்தம் எனும் பெயரில் அது தந்தது தவறான நம்பிக்கை. சரியான கருவி இன்ட்ல்.செக்மென்டர், எழுத்து வாரியாகப் பிரிக்கச் சொன்னால் "தமிழ்" மூன்றாகப் பிரிகிறது. குரோமில் 2020 முதல் இருந்தாலும், ஃபயர்ஃபாக்ஸுக்கு அது 2024 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கும் எல்லை உண்டு: க்ஷ என்பதை அது இரண்டாகவே எண்ணும். செக்மென்டரைப் பரிந்துரைக்கும் குறிப்பு இந்த வரியையும் சேர்த்துச் சொன்னால்தான் தமிழ் வாசகருக்கு அது முழுமையான குறிப்பு.

இனி மேம்படுத்தலுக்கு வருவோம். நிரலில் குறிப்பு மெல்ல மெல்லக் காலாவதியாகிறது. இயங்குதளத்தில் ஒரே இரவில் காலாவதியாகிறது. மேக்ஓஎஸ் இதற்குச் செழுமையான களம். 2014-இல் யோசெமிட்டி அபாச்சி 2.2-இலிருந்து 2.4-க்குத் தாவியபோது, அனுமதி விதிகளை எழுதும் முறையே மாறி, பலருடைய உள்ளூர்த் தளங்கள் அணுக்கமறுப்போடு நின்றன. அதற்கு வந்த குறிப்புகள் பெரும்பாலும் செம்மையானவை. பழைய வரி இது, புதிய வரி இது என்று இரண்டையும் அருகருகே வைத்தன. அங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

2015 செப்டம்பரில் வந்த எல் கேப்பிடன் வேறு வகை. கணினியின் மையக் கோப்புறைகளை நிர்வாக உரிமை உள்ளவர்கூடத் தொட முடியாதபடி பூட்டும் பாதுகாப்பை ஆப்பிள் அதில் கொண்டுவந்தது. சுடோ சேர்த்தால் எதுவும் நடக்கும் என்ற அதுவரையிலான பொதுக் குறிப்பு அன்றோடு முடிந்தது. ரூபியில் எழுதிய கருவிகளை நிறுவப் போனவர்களுக்கு "இந்தச் செயலுக்கு அனுமதி இல்லை" என்ற பதில் வந்தது. இரண்டு தீர்வுகள் உலவின. ஒன்று, மீட்பு நிலையில் கணினியைத் தொடங்கி அந்தப் பாதுகாப்பையே அணைப்பது. மற்றொன்று, பூட்டப்படாத யூஎஸ்ஆர்-லோக்கல் கோப்புறைக்குள் கருவியை நிறுவுவது.

முதல் தீர்வின் தகுதியை மறுக்கக் கூடாது: அது எல்லாக் கருவிக்கும் பொருந்தும், உறுதியாக வேலை செய்யும், திரும்பப் பெறவும் முடியும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஒரு கருவிக்காக முழுக் கணினியின் காப்பையும் அது திறந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் மறுபடி பூட்டும் கட்டளை பல இடங்களில் எழுதப்படவே இல்லை. இரண்டாம் தீர்வு குறுகியது, ஒவ்வொரு கருவிக்கும் தனியாகச் செய்ய வேண்டியது. ஆனால் அதற்கு மற்றதில் இல்லாத ஒரு பண்பு உண்டு: எல் கேப்பிடனுக்கு முன்பும் அது சரியான வழியாகவே இருந்தது. இயங்குதளத்துக்கு உரிய இடத்தில் நம் பொருளை வைக்காதே என்ற பழைய யூனிக்ஸ் ஒழுங்கைத்தான் அது பின்பற்றியது.

மேம்படுத்தல் தொடர்பான குறிப்புகளைப் பிரித்துணர இதைவிட நுட்பமான உரைகல் எனக்குக் கிடைக்கவில்லை. "இத்தீர்வு நேற்றும் செல்லுபடியாகியிருக்குமா?" என்று கேளுங்கள். நேற்றும் செல்லும் தீர்வு, மேம்படுத்தல் வெளிப்படுத்திய நம் பழைய பிழையைத் திருத்துகிறது. இன்று மட்டுமே செல்லும் தீர்வு அந்தப் பிழையைக் காத்துவைக்க மேம்படுத்தலோடு போராடுகிறது. அடுத்த ஆண்டு மறுபடி போராட வேண்டும்.

2019-இன் காட்டலினாவில் இந்த உரைகல்லைத் தேய்த்துப் பார்க்கலாம். இயங்குதளம் இருக்கும் வட்டுப்பகுதியை ஆப்பிள் தனியாகப் பிரித்து, படிக்க மட்டும் என்றாக்கியது. வட்டின் உச்சியில் நாமாக ஒரு கோப்புறை உருவாக்குவது இயலாமல் போனது. அடிபட்டவர்களுள் மாங்கோடிபி பயன்படுத்தியோர் முன்வரிசையில் இருந்தார்கள். அந்தத் தரவுத்தளம் இயல்பாகத் தேடும் இடம் உச்சியில் இருக்கும் டேட்டா என்ற கோப்புறைக்குள் டிபி. அதை சுடோவோடு உருவாக்கு என்பதே தொடக்கப் பாடங்கள் அனைத்தின் முதல் வரி. மேம்படுத்திய மறுநாள் சர்வர் எழவில்லை. ஏற்கெனவே இருந்த தரவை ஆப்பிள் அழிக்கவில்லை. இடம் மாற்றப்பட்டவை என்ற கோப்புறைக்குள் நகர்த்திவைத்திருந்தது. அந்தப் பொறுப்புணர்வு பாராட்டத்தக்கது. டெர்மினலில் கிடைத்த செய்தியோ "படிக்க மட்டுமான கோப்பமைப்பு" என்பதோடு முடிந்தது. தரவு எங்கே போனது என்று சொல்லவில்லை. தரவு தொலைந்தது என்று ஒருவர் எண்ணினால் அது அவர் குற்றம் அல்ல.

இதற்கு வந்த நுட்பமான குறிப்பு, சிந்தெடிக்.கான்ஃப் கோப்பில் ஒரு வரி எழுதி, உச்சியில் போலிக் கோப்புறை ஒன்றைத் தோன்றச் செய்வது. எழுதியவரின் அறிவு வியப்புக்குரியது. ஆப்பிளே தந்த வழியும்கூட. எளிமையான குறிப்பு, சொந்தக் கோப்புறைக்குள் ஓர் இடத்தைத் தேர்ந்து, தரவுப் பாதை எது என்று மாங்கோடிபியிடம் வெளிப்படையாகச் சொல்வது. முதலாவதற்கு இன்று மட்டுமே பொருள் உண்டு. இரண்டாவது நேற்றும் செல்லும், லினக்ஸிலும் செல்லும். அறிவின் அளவால் முதலாவது உயர்ந்து நின்றாலும், குறிப்பாக மதிப்பிட்டால் இரண்டாவதே மேல்.

எல்லா இடத்திலும் இந்த உரைகல் இவ்வளவு தெளிவாகப் பேசாது. 2021 அக்டோபரில் வந்த மான்டரே, ஏர்பிளே ரிசீவரைப் போர்ட் 5000-இல் உட்கார வைத்தது. ஃபிளாஸ்க் தன் இயல்பான போர்ட்டாக நெடுங்காலம் வைத்திருந்த எண் அது. நிரலைத் திறந்தால் தன் பக்கத்துக்குப் பதில் 403 என்ற மறுப்பு வந்தது. மறுமொழியின் தலைப்பில் ஏர்டியூன்ஸ் என்ற பெயரைக் கண்டவர்களுக்கே காரணம் புரிந்தது. ஏர்பிளேயை அணை என்றது ஒரு குறிப்பு. போர்ட்டை மாற்று என்றது மற்றொன்று. நேற்றும் செல்லும் என்ற கணக்கில் போர்ட் மாற்றமே வெல்கிறது. ஆயினும், கூகுள் போன்ற ஒரு சேவையின் உள்நுழைவுக்காக 5000 என்ற எண்ணோடு திரும்பு முகவரியைப் பதிவு செய்திருக்கும் குழுவுக்கு, போர்ட் மாற்றம் ஒவ்வொருவர் கணினியிலும் ஒவ்வொரு கட்டமைப்பிலும் கைவைக்கும் வேலை. அவர்களுக்கு ஏர்பிளேயை அணைப்பது நியாயமான தேர்வு. இரண்டையும் தந்து எது யாருக்கு என்று சொன்ன குறிப்பே இங்கே தேறும்.

மேக்கில் மேம்படுத்தலுக்குப் பின் கிட் கட்டளை "செல்லாத டெவலப்பர் பாதை" என்று முறையிடுவதும், எக்ஸ்கோட்-செலக்ட்டின் நிறுவு கட்டளையால் சரியாவதும் அனைவரும் அறிந்தவை. யூஎஸ்ஆர்-பின்னில் இருக்கும் கிட் வெறும் முகப்பு. உண்மையான கிட்டை அது கட்டளைவரிக் கருவிகளின் தொகுப்பில் தேடுகிறது. மேம்படுத்தல் அந்தத் தொகுப்பைச் செல்லாததாக்கிவிடலாம். இந்தக் குறிப்பு காரணம் சொல்லாமலே உலவுகிறது, நேற்று அதற்குத் தேவையும் இருந்திருக்காது. இருந்தும் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தேவையில்லாதபோது ஓட்டினாலும், ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். எதையும் தளர்த்தாது, எதையும் அணைக்காது. பக்கவிளைவு இல்லாத கட்டளைக்குக் காரணம் சொல்லும் கடமை குறைவு. என் அளவுகோலுக்கு இந்த விலக்கை மனமார அளிக்கிறேன்.

ஆப்பிளின் நடத்தைக்கும் ஒரு மதிப்பீடு உரியது. பைதான், ரூபி, பெர்ல் முதலியவை எதிர்கால மேக்ஓஎஸ்களில் சேர்ந்து வராது என்று 2019-லேயே காட்டலினாவின் வெளியீட்டுக் குறிப்பில் அது சொல்லிவிட்டது. பிஎச்பி 2021-இல் மான்டரேயோடு போனது, பைதான் 2.7 அடுத்த மார்ச்சில் 12.3-இல் போனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்னறிவிப்பு தாராளமானது. பைதான் நீக்கத்தைப் பெரிய பதிப்பில் செய்யாமல் இடைப்பதிப்பில் செய்தது அந்தத் தாராளத்தைக் கெடுத்தது. இடைப்பதிப்பை யாரும் சோதித்துவிட்டு நிறுவுவதில்லை என்பது அதைத் தயாரிப்பவர்களுக்கும் தெரியும்.

குறிப்புகள் மிக மோசமாகத் தவறிய இடம் என்று நான் சொல்வது எஸ்எஸ்ஹெச். 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8, எஸ்ஹெச்ஏ-1 கொண்டு போடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. எஸ்ஹெச்ஏ-1-ஐ உடைக்கும் செலவு 50,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது என்ற காரணத்தை வெளியீட்டுக் குறிப்பே சொன்னது. 2022-இல் உபுண்டு 22.04-க்கும் மேக்ஓஎஸ் வென்ச்சுராவுக்கும் மாறியவர்கள் இதைச் சந்தித்தார்கள்: நேற்றுவரை நுழைந்த பழைய சர்வர் இன்று கதவை அடைத்தது.

உடனே பரவிய விளக்கம், ஆர்எஸ்ஏ சாவிகள் செத்துவிட்டன என்பது. இது பிழை. நிறுத்தப்பட்டது கையொப்ப முறை, சாவி அல்ல. அதே ஆர்எஸ்ஏ சாவி எஸ்ஹெச்ஏ-2 முறையில் கையொப்பமிட முடியும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 2016-இலேயே 7.2-ஆம் பதிப்பில் அதைக் கொண்டுவந்துவிட்டது. இருதரப்பிலும் ஓரளவு புதிய மென்பொருள் இருந்த இடங்களில் யாருக்கும் எதுவும் உடையவில்லை. உடைந்த இடம் பழைய சர்வர், பழைய ரவுட்டர், பழைய கிட் சேமிப்பகம். சாவியை மாற்றி எட்25519-க்குப் போ என்ற அறிவுரையால் நன்மை உண்டு. ஆனால் நோயின் பெயரைத் தவறாகச் சொல்லும் மருந்துச் சீட்டு அது. சர்வர் தன்னை அடையாளம் காட்டவே பழைய முறையைத்தான் தருகிறது என்றால், நம் சாவி எதுவானாலும் கதவு திறக்காது.

இரண்டாவது குறிப்பு, கட்டமைப்புக் கோப்பில் எல்லா ஹோஸ்ட்டுக்கும் பொருந்தும்படி பழைய முறையை இரு வரிகளால் மீட்டெடுப்பது. இங்கே நோயறிதல் சரி, மருந்தின் அளவு தவறு. ஒரு பழைய சர்வருக்காக எல்லா இணைப்புகளையும் தளர்த்துவது எதற்கு? அதே இரு வரிகளை அந்த ஒரு ஹோஸ்ட்டின் பெயருக்குக் கீழே எழுதினால் போதும். உரைகல் இங்கே இன்னொன்றையும் வெளியே கொணர்கிறது. அந்த வரிகளுள் ஒன்றின் பெயர் 8.5-ஆம் பதிப்பில்தான் மாறியது. புதிய பெயரால் எழுதிய கோப்பைப் பழைய கணினிக்கு எடுத்துச் சென்றால், தெரியாத வரி என்று எஸ்எஸ்ஹெச் முழுவதுமாக நின்றுவிடும். பழைய பெயரால் எழுதினால் இரண்டிலும் செல்லும், ஏனெனில் அதை மாற்றுப்பெயராக விட்டுவைத்திருக்கிறார்கள். கட்டமைப்பைப் பல கணினிகளில் பகிர்பவருக்கு இந்த ஒரு விவரம் முழுக் குறிப்பைவிட மதிப்புள்ளது. சர்வரைப் புதுப்பிப்பதே முழுத் தீர்வு. அது நம் கையில் இல்லாதபோது மட்டுமே மற்றவை.

அதே காலத்தில் நோட் 17 வந்தது, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஓடு. வெப்பேக் 4 கொண்டு கட்டிய திட்டங்கள் "ஆதரிக்கப்படவில்லை" என்ற பிழையோடு நின்றன. கோப்புகளுக்குச் சுருக்கக் குறி இட வெப்பேக் எம்டி4-ஐப் பயன்படுத்தியது. ஓப்பன்எஸ்எஸ்எல் அதைப் பழையனவற்றின் தனிக்கட்டுக்கு ஒதுக்கிவிட்டிருந்தது. பரவிய குறிப்பு, அந்தப் பழையகட்டை மறுபடி திறக்கும் விருப்பத்தைச் சூழல் மாறியாக ஷெல்லின் தொடக்கக் கோப்பில் எழுதுவது. இதைப் பாதுகாப்புக் கேடு என்று ஒரேயடியாகச் சாடியவர்களும் அளவு மீறினார்கள். கோப்புப் பெயருக்கான குறியில் எம்டி4-ஆல் யாருடைய இரகசியமும் கசிவதில்லை. குறிப்பின் உண்மையான குறை, ஒரு திட்டத்தின் நோய்க்கான மருந்தை முழுக் கணினிக்கும் ஊற்றுவது. அதே கணினியில் நோட் 16-க்கு மாறினால், இந்த விருப்பத்தை ஏற்க முடியாது என்று நோட் தொடங்கவே மறுக்கும். நேற்றுச் செல்லாது என்பது இங்கே உவமையாக அல்ல, எழுத்துக்கு எழுத்து உண்மை. வெப்பேக்கைப் புதுப்பிப்பது நோட் 16-இலும் 17-இலும் செல்லும்.

இவ்வளவு கறாரான அளவுகோலுக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. தளம் விழுந்து கிடக்கும்போது, வாடிக்கையாளர் அழைத்துக்கொண்டிருக்கும்போது, டெவலப்பருக்கு வேண்டியது கட்டளை. காரண விளக்கம் அல்ல. குறுமையே இந்த வகையின் உயிர், அதைக் கட்டுரையாக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். இதன் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். குறிப்பு குறுகியே இருக்க வேண்டும். முன்னுரை எழுதுபவர் வாசகரின் நேரத்தைத் திருடுகிறார். இரண்டாம் பாதியை ஏற்க இயலவில்லை. "வெப்பேக் 4-ஐ விடும் வரை" என்பது நான்கு சொல். "இந்த ஹோஸ்ட்டுக்கு மட்டும்" என்பது மூன்று சொல். குறுமை காரணத்தை விலக்குவதில்லை, சோம்பல்தான் விலக்குகிறது.

அதற்கு நேர்ச் சான்று டெபியன் 12. 2023 ஜூனில் வெளியான அது, பைதானின் பெப் 668 முன்மொழிவைப் பின்பற்றி, இயங்குதளத்தின் பைதானுக்குள் பிப் நேரடியாக எதையும் நிறுவ விடாமல் தடுத்தது. ஜாங்கோவும் ஃபிளாஸ்க்கும் நிறுவப் போனவர்கள் பிழைச் செய்தியைக் கண்டார்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்துப் பாருங்கள். இந்தச் சூழலை நிர்வகிப்பது இயங்குதளம் என்கிறது. டெபியனின் தொகுப்பாகக் கிடைத்தால் ஆப்ட் வழியாக எடு, இல்லையேல் வென்வ் உருவாக்கு, தனிச் செயலி என்றால் பிப்எக்ஸைக் கையாள் என்கிறது. மேலும் படிக்க எந்தக் கோப்பு என்று காட்டுகிறது. பிறகு, தடையை மீறும் வழியையும் மறைக்காமல் தருகிறது, பைதானோ இயங்குதளமோ உடையலாம் என்ற விலையோடு. மீறும் விருப்பத்தின் பெயரே அமைப்பின் தொகுப்புகளை உடை என்று பொருள்படும். தட்டச்சு செய்பவர் தான் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்கிறார். காரணம், எல்லை, மாற்று, விலை எல்லாம் ஒரு திரையின் பாதிக்குள். வென்வ் நேற்றும் சரியான வழி என்பதால் உரைகல்லிலும் மாற்றுக் குறையவில்லை. நானறிந்தவரை இந்த எழுத்து வகையின் மிகச் சிறந்த பத்தி ஒரு பிழைச் செய்திக்குள் இருக்கிறது.

அதைச் சுற்றி எழுந்த குறிப்புகளுள் மீறும் விருப்பத்தைப் பரிந்துரைத்தவை நேர்மையானவை. அபாயத்தின் பெயரையாவது அவை வெளியே வைத்தன. கணினியில் தடையை அறிவிக்கும் கோப்பையே அழித்துவிடு என்றவை தாழ்ந்தவை. அழித்தவருக்கு மட்டுமல்ல, அதே கணினியில் நாளை பிப் ஓட்டும் எவருக்கும் அச்செய்தி கிடைக்காமல் போகிறது. பைதான் தொகுப்பு புதுப்பிக்கப்பட்டால் கோப்பு மீண்டும் வந்து, அதே பிழை மறுபடி திடீரென்று தோன்றும். டெபியனின் செய்தியிலும் ஒரு குறை உண்டு. ஒரே ஒரு செயலிக்காகவே எழுப்பி, வேலை முடிந்ததும் கலைக்கும் கண்டெய்னருக்குள் இந்தத் தடை காக்கும் பொருள் குறைவு; அங்கே வென்வ் வேண்டுமா வேண்டாமா என்பதில் அனுபவம் உள்ளவர்களே இரு பக்கமாக நிற்கிறார்கள். அந்த வேறுபாட்டைச் செய்தி தொடவில்லை. இன்னொரு வரிக்கு அதில் இடம் இருந்தது.